ஒரே மாதிரி இரண்டு பொத்தான்கள்

வேங்கிக்கால்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அன்பு,

இப்படித் தொடங்கினால் முன்பெல்லாம் சிரிப்பாய். இப்போது கிழித்துப் போடுவாயோ என்று பயமாக இருக்கிறது. கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு. போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். மெயிலுக்கும் பதில் இல்லை. போன வாரம் செங்கம் ரோட்டில் நீ வேலை பார்க்கும் விடுதிக்கே வந்தேன். அவள் இன்றைக்கு லீவு என்று விடுதிக்கார தமிழ்செல்வி அக்கா சொன்னார். உன் செருப்பு வாசலில் கிடந்தது. ஒரே ஊரில் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு தபால் எழுதும் கூத்து நம் இருவருக்கு மட்டும்தான் நடக்கும்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நாம் சோதித்துக் கொடுக்கும் ஆஸ்பத்திரி ஆப்பின் திரைகளை எல்லாம் அதை உருவாக்கும் சென்னைக்காரர்கள் மாற்றிவிட்டார்கள். நீயும் நானும் மூன்று வருஷமாக நம் ரெப்பாசிட்டரியில் பெயரும் அடையாளமும் எழுதிச் சேர்த்துவைத்த பொத்தான், கட்டம், பட்டியல் எல்லாம், மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம், இப்போது அடையாளம் மாறிக் கிடக்கின்றன. சோதனையை ஓட்டினால் எதை அமுக்குவது என்று மெஷினுக்குத் தெரியவில்லை. திரை முழுக்கச் சிவப்பு.

புது அடையாளம் கொடுப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் பார்க்க ஒன்றுபோல் இருக்கும் முந்நூறு பொருட்களில் எது எந்தத் திரைக்குச் சொந்தம், எதை ஏன் தனியாக வைத்தோம் என்பது உன் நீள நோட்டில்தான் இருக்கிறது. எதை ஏற்றுவதானாலும் முதலில் கையால் எழுதிவைப்பாயே, நாங்கள் கணக்குப்பிள்ளை என்று கேலி செய்வோமே, அந்த நோட்டு. ஜனவரியில் போகும்போது பையில் எடுத்துப் போனாய் என்று நம் ஆபீஸ் மணி சொன்னான்.

செப்டம்பர் முப்பதுக்குள் புது ஆப் வெளியே போகவேண்டும். தவறினால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும். நம் முதலாளி சரவணகுமார் சார் முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்னைத்தான். நோட்டைக் கொடு. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மறுநாளே திருப்பித் தருகிறேன்.

தேவிப்ரியா


செங்கம் ரோடு
9 ஆகஸ்ட் 2025

தேவிப்ரியா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பாசத்தில் இல்லை. தீபம் என்ற வார்த்தை எங்கேயாவது வருகிறதா என்று பார்க்க. வரவில்லை. உனக்கு நோட்டு ஞாபகம் இருக்கிறது, என் செருப்பு ஞாபகம் இருக்கிறது, அது மட்டும் மறந்துவிட்டது.

மறந்திருந்தால் நான் சொல்கிறேன். போன கார்த்திகை தீபத்தன்று டவுனுக்குள் ஒரு பஸ்ஸும் விடவில்லை. நான் தண்டராம்பட்டுப் பக்கம் எங்கள் ஊரில் இருந்தேன். நீ போன் செய்து என் பாஸ்வேர்டு கேட்டாய். ஐந்து நிமிஷ வேலை என்றாய். கொடுத்தேன். அடுத்த ஒன்பது நாள் அந்த ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு யார் பதிவு செய்தாலும் பதிவே விழவில்லை. நம் சோதனையோ தினமும் பச்சை காட்டியது. டயாலிசிஸ் திரையின் 'உறுதி செய்' பொத்தானையும் புறநோயாளி திரையின் 'உறுதி செய்' பொத்தானையும் யாரோ ஒன்றாகச் சேர்த்துவிட்டிருந்தார்கள். மெஷின் செத்த பொத்தானை விட்டுவிட்டு உயிரோடு இருந்ததை அமுக்கி, எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த ஒன்பது நாளில் எங்கள் தெரு கருப்பன் மாமா இரண்டு தடவை போய், உங்கள் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். மூன்றாவது தடவை ஆம்புலன்ஸில் போனார். நுரையீரலில் நீர். பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சை. இப்போது வாசல் தாண்டி நடப்பதில்லை. நான் வேலை பார்த்த ஆப் என்று ஊருக்கே தெரியும். அவர் மனைவி ஆதிலட்சுமி அத்தை தெருவில் என்னைக் கண்டால் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறார்.

சேர்த்தது யார் என்று தேடியபோது என் பெயர் இருந்தது. நான் இல்லை என்றேன். சரவணகுமார் சார் உன்னைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது சார்" என்று சொன்னாய். என் கதை அத்தோடு முடிந்தது. அனுபவச் சான்றிதழ்கூடத் தரவில்லை. சென்னையில் நான்கு இடத்தில் வேலை கிடைத்துக் கைநழுவியது. பழைய ஆபீசுக்கு ஒரு போன் போடுவார்கள், அதோடு சரி. இப்போது வெள்ளைக்காரர்களுக்குத் துண்டும் சோப்பும் எடுத்துக் கொடுக்கிறேன்.

நோட்டில் தொண்ணூற்றாறு பக்கம். ஒரு உண்மைக்கு இருபது பக்கம் ஜெராக்ஸ் தருவேன். உன் கையெழுத்தில், காகிதத்தில், தேதி போட்டு எழுது. போனில் வேண்டாம். வாயால் சொன்னதை நீ எப்படி விழுங்குவாய் என்று பார்த்துவிட்டேன்.

முதல் உண்மை: தீபத்தன்று ஆபீசில் யார் இருந்தது?

அன்புச்செல்வி


வேங்கிக்கால்
14 ஆகஸ்ட் 2025

அன்பு,

இது நியாயமே இல்லை. பதினோரு பேர் பிழைப்பை வைத்து விளையாடுகிறாய். அதில் மணியும் இருக்கிறான், அவன் உனக்கு என்ன செய்தான்?

சரி, எழுதுகிறேன். 13 டிசம்பர் 2024, தீபத்தன்று ஆபீசில் நான் இருந்தேன். நான் மட்டும்தான். அறையிலிருந்து நடந்தே போனேன். போதுமா?

உன் கருப்பன் மாமாவைப் பற்றி எழுதியதைப் படித்தபிறகு சாப்பிட முடியவில்லை. இது பக்கத்துக்காக எழுதவில்லை.

தேவிப்ரியா


செங்கம் ரோடு
19 ஆகஸ்ட் 2025

தேவிப்ரியா,

இருபது பக்கம் வைத்திருக்கிறேன். பேரம் பேரம்தான்.

சாப்பிட முடியவில்லையா? எனக்கு ஏழு மாதமாக அப்படித்தான். பழகிவிடும்.

மணி என்ன செய்தான் என்று கேட்டாய். நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியபோது அவன் எழுந்து நிற்கக்கூட இல்லை. நீங்கள் பதினோரு பேரும் அன்று மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நேற்று தமிழ்செல்வி அக்கா, நீ அந்தக் கம்பெனியில் என்னதான் செய்தாய் என்று கேட்டார். அவர் தலைக்கு மேலே தொங்கும் சாவிப் பலகையைக் காட்டினேன். அறை நான்கின் சாவியும் பதினான்கின் சாவியும் அச்சு ஒன்றுதான். அவற்றை வேறு வேறு கொக்கியில் மாட்டி எண் எழுதி வைப்பதுதான் என் வேலை, பார்க்க ஒன்றாக இருக்கிறதே என்று யாரோ ஒரு சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டதால் நான் இங்கே இருக்கிறேன் என்றேன். அவருக்கு உடனே புரிந்தது. பத்தாவதுகூடப் படிக்காதவர். உனக்குத்தான் இரண்டு சர்டிபிகேட்டும் சம்பள உயர்வும் தேவைப்பட்டது, அப்படியும் புரியவில்லை.

இரண்டாவது உண்மை: சேர்த்தது யார்? மூன்றாவது: ஜனவரியில் ஏன் வாயைத் திறக்கவில்லை? இரண்டுக்கும் சேர்த்து நாற்பது பக்கம். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.

அன்புச்செல்வி


வேங்கிக்கால்
27 ஆகஸ்ட் 2025

அன்பு,

நீ அனுப்பிய இருபது பக்கத்தில் அறுபத்திரண்டு பொருட்களைச் சரிசெய்துவிட்டோம். உன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 'இது மூன்றாவது பொத்தான் என்று எழுதாதே, நாளைக்கு நடுவில் ஒன்று வந்தால் இது நான்காவதாகிவிடும், இதன் சொந்த அடையாளத்தை எழுது' என்று எனக்காக ஓரத்தில் எழுதியிருக்கிறாய். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது.

கேட்டதை எழுதுகிறேன். தீபத்துக்கு அடுத்த திங்களன்று சென்னைக்காரர்கள் ரெப்பாசிட்டரியைப் பார்வையிட வருவதாக இருந்தது. ஒன்றையே இரண்டு தடவை ஏற்றியிருப்பது ஜாஸ்தி, கம்மி செய் என்று சார் என்னிடம்தான் சொல்லியிருந்தார். நீக்கும் உரிமை உன் பெயரில் மட்டும்தான் இருந்தது. அதனால் உன் பாஸ்வேர்டைக் கேட்டேன். முப்பத்தெட்டு ஜோடிகளைச் சேர்த்தேன். அந்த 'உறுதி செய்' ஜோடி அதில் ஒன்று. ஆம், நான்தான்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? அதே வாரம்தான் எனக்கு டீம் லீட் பதவி வருவதாக இருந்தது. அடுத்தவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்புவார்கள் என்பது உனக்கும் தெரியும். நீ கெட்டிக்காரி, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தேன். அவ்வளவுதான். அதற்கு மேல் அழகாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. அன்று உன் நோட்டு மேசைமேல் இருந்தது. அதைப் புரட்டிப் பார்த்துத்தான் சேர்த்தேன் என்று ஞாபகம். எந்த ஜோடி ஒன்று, எந்த ஜோடி வேறு என்று நீ எழுதியிருந்ததைத்தான் பின்பற்றினேன். அந்த டயாலிசிஸ் ஜோடியைப் பற்றி நீ என்ன எழுதியிருந்தாய்? அறுபதாம் பக்கத்துக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கும். ஒரு தடவை பார்த்துச் சொல்லேன்.

தேவி


செங்கம் ரோடு
1 செப்டம்பர் 2025

தேவிப்ரியா,

இருபத்தொன்றிலிருந்து அறுபது வரை உள்ளே இருக்கிறது.

பார்த்தேன். நீ சொல்வதுபோல் ஒன்றும் இல்லை. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் என் நோட்டையே கடிக்க வருகிறாயா? ஏழு மாதம் கழித்து உனக்கு ஞாபகம் வருகிறது. அதுவும் எப்படிப்பட்ட ஞாபகம், நீ தப்பிக்கத் தோதான ஞாபகம்.

மீதிப் பக்கத்துக்கு எனக்குக் கடிதம் வேண்டாம். சரவணகுமார் சார் பெயருக்கு ஒன்று எழுது. அன்புச்செல்வியின் பாஸ்வேர்டை நான் பயன்படுத்தினேன், என் சொந்த முடிவில் அந்த இரண்டையும் சேர்த்தேன், விசாரணையில் பொய் சொன்னேன். இந்த மூன்று வரி போதும். சொந்த முடிவில் என்பது கட்டாயம் இருக்கவேண்டும். நோட்டு என்ற பேச்சே வரக்கூடாது. முப்பதாம் தேதிவரை நான் அந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டமாட்டேன். உன் ஆப் வெளியே போகட்டும். அதற்குப் பிறகு அது என் இஷ்டம்.

நீ அழுதுகொண்டே எழுதுவாய் என்று தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

அன்புச்செல்வி


வேங்கிக்கால்
12 செப்டம்பர் 2025

அன்பு,

நீ சொன்ன மூன்று வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். சொந்த முடிவில் என்பதும் இருக்கிறது. பத்து நாள் தள்ளிப்போட்டுப் பார்த்தேன், உன் பக்கங்கள் இல்லாமல் டயாலிசிஸ் திரையைத் தொட எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை. இந்தத் தடவையும் தப்பாகப் போனால் இன்னொரு கருப்பன் வருவார்.

அழவில்லை. உனக்கு ஏமாற்றமாக இருக்கும்.

தேவிப்ரியா


செங்கம் ரோடு
16 செப்டம்பர் 2025

தேவிப்ரியா,

மீதி முழுவதும் இதோ. அறுபத்தொன்றும் அறுபத்திரண்டும் உள்ள தாள் மட்டும் இல்லை. மழையில் நனைந்து ஒட்டிப்போய்விட்டது. அதில் இருந்த பொருட்களை ஞாபகத்திலிருந்து தனித்தாளில் எழுதியிருக்கிறேன். சரியாகத்தான் இருக்கும்.

அன்புச்செல்வி


வேங்கிக்கால்
8 அக்டோபர் 2025

தேவிப்ரியா,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தாயா? சார் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார், திங்களிலிருந்து இங்கே ஆபீசில்தான். உன் நாற்காலி கொஞ்சம் உயரம், இறக்கிக்கொண்டேன்.

ஒன்றாம் தேதி உன் கடிதத்தைச் சாரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். ஆப் நல்லபடியாக வெளியே போயிருப்பதால் உன்னை மன்னித்துவிடுவார் என்று நீ நம்பியிருந்தாயாம், மணி சொன்னான். அரை மணி நேரத்தில் உன்னை அனுப்பிவிட்டார் என்றும் அவனே சொன்னான். நீ படியிறங்கியபோது யாரும் எழுந்து நிற்கவில்லையாம். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். எங்கள் தெருவிலும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆதிலட்சுமி அத்தை ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, தெரியாமல் உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா காபி போட்டுக் கொடுத்தாள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு நாள் நிறுத்தித்தான் பார்த்தேன். முடியவில்லை. பழி வாங்கியது வாங்கப்பட்டவளுக்கே முழுதாகத் தெரியாவிட்டால் அது பாதிப் பழிதான். அதனால் சொல்கிறேன்.

அந்தத் தாள் நனையவில்லை. ஆகஸ்டில் உன் முதல் கடிதம் வந்த அன்றே, உன்னை எப்படி வாட்டலாம் என்று யோசித்துக்கொண்டு நோட்டைப் புரட்டினேன். அறுபத்தொன்றாம் பக்கம். தேதி 28 நவம்பர் 2024. 'உறுதி செய், புறநோயாளி. உறுதி செய், டயாலிசிஸ். இரண்டும் ஒன்றே. சேர்த்துவிடலாம்.' என் கையெழுத்து. எப்போது எழுதினேன், எந்த அவசரத்தில் எழுதினேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. நீ அன்று செய்தது நான் எழுதியதை. அதைக் கிழித்து விடுதி அடுப்பில் போட்டுவிட்டுத்தான் உனக்கு முதல் பதில் எழுதினேன்.

எனக்கு வருத்தம் இல்லை. நீ பாஸ்வேர்டு விஷயத்தைச் சொல்லியிருந்தால் ஜனவரியிலேயே நோட்டைத் திறந்து பார்த்திருப்போம், இருவரும் பாதிப் பாதி ஏற்றிருப்போம். நீ முழுவதையும் என் தலையில் கட்டினாய். நானும் முழுவதையும் உன் தலையில் கட்டினேன். இப்போது உனக்குத் தெரியும், உன்னால் ஒன்றும் செய்யவும் முடியாது. தாளும் இல்லை.

அன்புச்செல்வி


உன் ஊர், உன் தெரு
11 அக்டோபர் 2025, சனி

அன்பு,

தாள் இல்லைதான். ஆனால் உன் கடிதம் இருக்கிறதே. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, பக்க எண் முதற்கொண்டு எழுதியிருக்கிறாய். படித்ததும் முதலில் சாரிடம் ஓடலாம் என்றுதான் கிளம்பினேன். ஆபீசைப் பார்த்து நடந்து, பாதியில் திரும்பிவிட்டேன். அங்கே கொடுத்தால் உனக்கும் வேலை போகும், எனக்குத் திரும்பி வராது. உனக்கு வலிக்கும் இடம் அது இல்லை. எது என்று நீயே எழுதியிருந்தாய். தண்டராம்பட்டு பஸ் பிடித்தேன்.

கருப்பன் மாமா கட்டிலில் படுத்திருந்தார். நான் யார் என்று சொன்னேன். அந்தப் பொத்தானை மாற்றியது நான், ஒன்பது மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான் என்றேன். பிறகு உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஆதிலட்சுமி அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதாம். அறுபத்தொன்றாம் பக்கம் வந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அடுப்பில் போட்டதை மூன்றாம் தடவை படிக்கச் சொன்னார். உன் கையைப் பிடித்தது எந்தக் கை என்று பார்ப்பதுபோல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதைக் கேட்கத்தான் வந்தேன், பொய் சொல்லமாட்டேன். அவர் என்னிடம் மற்ற கடிதங்கள் எங்கே என்று கேட்டார். பையில் இருந்ததை எல்லாம் கட்டில்மேல் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இத்தினி கடுதாசி நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கினு இருந்தீங்களே. இவரு இந்தக் கட்டில்லதான் கெடக்கிறாரு. எங்க வூட்டுக்கு ஒண்ணு போடணும்னு உங்கள்ல ஒருத்திக்குமா தோணல?"

என் பங்குக்கு நான் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன். உன் பங்கு அப்படியே இருக்கிறது.

இதை ஆதிலட்சுமி அம்மா வீட்டுப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போடப்போவதில்லை. கடிதங்கள் எல்லாம் அவரிடமே இருக்கின்றன, இதையும் அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீ ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்குவாய் என்று சொன்னார். அவரே கொண்டுவந்து தருவாராம். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாராம்.

தேவிப்ரியா